கோடு திறந்து கெடக்குன்னா போதுமா?

"லினக்ஸ்ல பேக்டோர்லாம் (திருட்டுத்தனமா உள்ள நுழையுற வழி) வைக்க முடியாதுப்பா, கோடை உலகமே பாக்குதே"ன்னு மொரிசியஸ் எபென் சைபர் சிட்டில நம்ம ஐடி பசங்க தால் பூரியை சாப்பிட்டுக்கிட்டே அசால்ட்டா சொல்றாங்க. யாருப்பா பாக்குறா? நீ பாத்தியா?

2024 மார்ச்ல எக்ஸ்இசட்ல (XZ) எவனோ பேக்டோர் வெச்ச விவகாரம் வெடிச்சப்பவே இந்தப் பேச்சு முடிஞ்சிருக்கணும். எக்ஸ்இசட்ங்கிறது ஃபைலைச் சுருக்குற சின்ன லைப்ரரி (மத்த புரோகிராமுங்க எடுத்து உபயோகிக்குற கோடு), அதைக் கட்டி இழுத்தது கிட்டத்தட்ட ஒத்த ஆளு, அதுவும் சம்பளம் இல்லாம. ஜியா டான்னு ஒரு பேர்ல எவனோ (இல்ல எவனுங்களோ) ரெண்டு வருஷத்துக்கு மேல ஒழுங்கா பேட்ச் (கோடுல திருத்தம்) அனுப்பி, இன்னொரு பக்கம் வேற வேற பேருங்க "ஏன் லேட்டு, புது ஆளைச் சேத்துக்க வேண்டியதுதானே"ன்னு அந்த மனுஷனை நச்சரிச்சு, கடைசில ரிலீஸ் போடுற உரிமையே ஜியா டான் கைக்குப் போயிருச்சு.

அப்புறம் அவன் பண்ணதுதான் வில்லத்தனம். விஷத்தை டெஸ்ட் ஃபைல்னு பேர் போட்டு பைனரியா (மனுஷன் படிக்க முடியாத மெஷின் வடிவம்) உள்ள வெச்சான், அதை எவன் திறந்து படிப்பான்? அதைக் கிளப்பிவிடுற பில்ட் ஸ்கிரிப்ட் வரி கிட்லயே (Git, எல்லாரும் பாக்குற கோடு கிடங்கு) கிடையாது, ரிலீஸ் டார்பால்ல (வெளியிடுறப்ப மூட்டை கட்டிக் குடுக்குற ஃபைல்) மட்டும்தான். அதாவது கிட்ல இருந்த சோர்ஸை வரி வரியா படிச்சிருந்தாலும் அந்த வரி சிக்கியிருக்காது. கடைசில பிடிச்சது ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட்னு ஒரு டெவலப்பர், எஸ்எஸ்ஹெச் லாகின் (தூரத்து மெஷினுக்குள்ள போறது) அரை செகண்ட் இழுக்குதேன்னு விடாம நோண்டினதால. இது பாதுகாப்பா, குருட்டு அதிர்ஷ்டம்!

என்னைக் கேட்டா ஆளை நம்புறதை விட்டுட்டு பொருளைச் சரிபார்க்கணும். டெபியன்னு ஒரு லினக்ஸ் வகையைச் செய்யுறவங்க 2013லேர்ந்து இதுக்குத்தான் மெனக்கெடுறாங்க, ஒரே சோர்ஸை வேற வேற மெஷின்ல கம்பைல் பண்ணா (பைனரியா மாத்தினா) ஒரு பிட் கூட மாறாம அதே பைனரி வரணும்னு. கேக்க ஈஸி, ஆனா கம்பைல் பண்ண நேரம், ஃபோல்டர் பேர், ஃபைல் வரிசைன்னு எது உள்ள போய் ஒட்டிக்கிட்டாலும் ஹேஷ் (ஃபைலோட கைரேகை மாதிரி) மாறிடும், ஒவ்வொரு பேக்கேஜா உக்காந்து தேடணும். இது மட்டும் இருந்திருந்தா எக்ஸ்இசட் மாட்டியிருக்கும்னு சொல்ல வரல, அங்க கெட்டுப்போனதே டார்பால்தானே, அதனால டார்பாலையும் கிட்டோட ஒப்பிட்டாகணும். கம்பைலரே பொய் சொன்னா என்ன பண்ணுவேன்னு கேக்குறவங்களுக்கு, அந்த பயம் நியாயம்தான், கம்பைலரையே பொய் சொல்ல வெக்க முடியும்னு 1984ல அச்சான டூரிங் விருது உரையில யுனிக்ஸை உருவாக்கின கென் தாம்சன் காட்டிட்டார்.

2021ல ஐசிடிஏ (மொரிசியஸ் தொலைத்தொடர்பு ஆணையம்) சோஷியல் மீடியா ட்ராஃபிக்கை ப்ராக்ஸி (நடுவுல நிக்குற சர்வர்) வெச்சுப் பிரிச்சுப் பாக்கலாம்னு யோசனை விட்டப்ப மொரிசியஸ்ல என்னா கத்து கத்துனாங்க, ரொம்பச் சரி. ஆனா அதே வேகம் நம்ம சர்வர்ல தினமும் வந்து இறங்குற அப்டேட் மேல ஏன் இல்ல? இங்க இருக்குற கம்பெனிங்க எல்லாம் ஓசி கோடுலதான் ஓடுது, வாரத்துல ஒரு மத்தியானம் ஒரு ஜூனியரை இந்த பில்ட் சரிபார்க்குற வேலைக்கு விட்டா என்ன குறைஞ்சிரும்? மேனேஜர் யாராச்சும் இதைப் படிச்சா கமெண்ட்ல பதில் சொல்லுங்க.