இடம் வேறு, உதவித்தொகை வேறு

ஒருவர், எராஸ்மஸ் முண்டஸ் (ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவித்தொகையோடு பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் படிப்பு) பொருளாதார முதுகலையில் இடம் கிடைத்துவிட்டாலே மாதம் 1400 யூரோ வந்துவிடும், விமானச் செலவும் தனியாகக் கொடுப்பார்கள் என்று எழுதியிருக்கிறார். இதை நம்பி யாரும் வேலையை விட்டுவிடாதீர்கள்.

இடம் கிடைப்பது வேறு, உதவித்தொகை கிடைப்பது வேறு. தேர்வானவர்களில் ஒரு பகுதியினருக்குத்தான் பணம். காத்திருப்புப் பட்டியல் என்று ஒன்று உண்டு, மற்றவர்கள் சொந்தக் காசில்தான் படிக்க வேண்டும். அதோடு ஒரே நாட்டவருக்கு உதவித்தொகையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பொதுவாகப் போகாது, அதனால் நம்மூரிலிருந்து விண்ணப்பிக்கிறவர்களுக்குப் போட்டி நம்மவர்களோடுதான். 1400 யூரோ சரிதான், ஆனால் 2021 முதல் வந்த திட்டங்களில் விமானம், விசா, வாடகை எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். பயணப்படி தனியாகக் கொடுத்தது அதற்கு முந்தைய கணக்கு, பழைய யூடியூப் வீடியோக்களில் இன்னும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

அப்புறம், "ரெண்டு பல்கலைக்கழகம், அதனால ரெண்டு மாஸ்டர்ஸ்" என்று சிலர் சொல்வதும் பாதிதான் உண்மை. பாரிஸ் 1 பாந்தியோன்-சோர்போன், பார்சிலோனா தன்னாட்சிப் பல்கலைக்கழகம், பீலஃபெல்ட், வெனிஸ் சேர்ந்து நடத்திய கியூஈஎம் (QEM, அளவுசார் பொருளாதார முதுகலை) போன்ற படிப்பில் ஒரு வருடம் ஓரிடம், அடுத்த வருடம் வேறிடம். சான்றிதழ் இரண்டாக வந்தாலும் படிப்பது மொத்தம் 120 கிரெடிட், அதாவது ஒரே முதுகலையின் சுமை. இரண்டாவது நாட்டுக்கு மாறும்போது வரும் வீட்டு வாடகை முன்பணத்தைத்தான் யாருமே கணக்கில் சேர்ப்பதில்லை, அதை இப்போதே ஒதுக்கி வையுங்கள்.