நியூட்ரலில் போட்டு இழுத்தால் கியர்பாக்ஸ் போய்விடும்

"எந்த ஆட்டோமேட்டிக் காரையும் நியூட்ரலில் போட்டு, நாலு சக்கரமும் தரையில் உருள மோட்டார்ஹோமுக்கு (உள்ளேயே தங்கும் வசதி கொண்ட பெரிய வண்டி) பின்னால் இழுக்கலாம்" என்று சிலர் சொல்வது தவறு. தயவுசெய்து யாரும் செய்து பார்க்காதீர்கள். பெரும்பாலான ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களில் ஆயில் பம்ப்பைச் சுற்றுவது எஞ்சின்தான். எஞ்சின் ஓடாதபோதும் சக்கரங்கள் உள்ளே இருக்கும் பாகங்களைச் சுழற்றிக்கொண்டே இருக்கும், ஆயில் மட்டும் போய்ச் சேராது. சூடேறித் தேய்ந்து கருகிவிடும். முன்னால் ஓட்டுபவருக்கு ஒன்றும் தெரியாது.

ஜீப் ராங்ளரை அப்படி இழுக்க முடிவது, அதன் டிரான்ஸ்ஃபர் கேஸில் (கியர்பாக்ஸிலிருந்து வரும் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பாகம்) தனி நியூட்ரல் இருப்பதால். அதை நியூட்ரலில் வைத்து, ஆட்டோமேட்டிக் கியரை பார்க்கில் விடவேண்டும். முன்சக்கர இயக்கக் கார் என்றால் முன்சக்கரங்களை டாலியில் (இரண்டு சக்கரங்களை மட்டும் தூக்கி வைக்கும் சிறிய இழுவை வண்டி) ஏற்றிக் கட்டி, ஹேண்ட்பிரேக்கை விடுவித்து இழுங்கள். நாலு சக்கர இயக்கக் காருக்கு, கையேடு வெளிப்படையாக அனுமதிக்காவிட்டால், நாலு சக்கரமும் ஏறும் முழு டிரெய்லர்தான்.