அம்மாவோட நெத்தித் தடம்

அம்மா போன அன்னைக்கு வீட்ல எல்லாரும் தேடுனது ஒரு போட்டோவைத்தான், மாலை போட்டு வைக்க. போன்ல பேரப்புள்ளைங்க படம் ஆயிரம் இருக்கு, அம்மா தனியா இருக்கிற மாதிரி ஒண்ணு கூட இல்ல. கடைசியில ஒரு கல்யாண குரூப் போட்டோல இருந்து வெட்டி ஸ்டூடியோல குடுத்தோம். அவங்க நல்லது நினைச்சுதான் செஞ்சாங்க, ஆனா பிரேம் போட்டு வந்தது அம்மாவே இல்ல. நிறத்தை ஏத்தி, கன்னத்துச் சுருக்கத்தை எடுத்து, நாப்பது வருஷம் குங்குமம் வச்சு வச்சு நெத்தியில கறுத்துப் போயிருந்த தடத்தையும் அழிச்சிருந்தாங்க. அப்பா போனப்புறம் குங்குமத்தை நிறுத்திட்டாங்க, தடம் மட்டும் போகல, கண்ணாடி முன்னாடி நின்னா விரல் தன்னால அங்க போகும். அதைப் போய் தொடச்சிட்டாங்களேன்னு எனக்கு இன்னைக்கும் ஆறல.

ஜூலியா மார்கரெட் கேமரூன்னு ஒரு பழைய காலத்து போட்டோகிராபர் அம்மா, 1815ல கல்கத்தால பொறந்தவங்க. 48 வயசுல மகளும் மருமகனும் கேமரா வாங்கிக் குடுத்தாங்க. ஃபோகஸ் சரியில்ல, படம் பதியிற கண்ணாடி பிளேட்ல கீறல்னு மத்த போட்டோகிராபருங்க குறை சொன்னாங்க, இவங்க மாத்திக்கல. 1867ல தங்கச்சி மக ஜூலியா ஜாக்சனை எடுத்த படத்தைத் தேடிப் பாருங்க. பாதி முகத்துல வெளிச்சம், மீதி இருட்டு, கழுத்து நரம்பு தெரியுது, அவ்வளவுதான், ஆனா கண்ணை எடுக்க முடியாது. அந்த ஜூலியா பின்னாடி எழுத்தாளர் விர்ஜினியா வுல்ஃபுக்கு அம்மா ஆனாங்க, வுல்ஃபுக்கு 13 வயசு இருக்கும்போது இறந்தும் போயிட்டாங்க. அந்த மகதான் 1926ல தன் சொந்தப் பதிப்பகத்துல கேமரூன் படங்களைப் புத்தகமா கொண்டு வந்தாங்க. (கேமரூன் 1875ல இலங்கைக்குக் குடிபோய், நம்ம தோட்டத் தொழிலாளி சனங்களையும் எடுத்திருக்காங்க.)

உங்க அம்மா இருக்காங்கன்னா இந்த வாரமே எடுங்க, ப்ளீஸ். போன்ல பியூட்டி மோட் ஆன்ல இருக்கும், முதல்ல அதை ஆஃப் பண்ணுங்க. ஃபிளாஷ் வேண்டாம், உச்சி வெயில் வேண்டாம், காலையில ஜன்னலோரமா பக்கவாட்டுல வெளிச்சம் விழற மாதிரி உக்கார வச்சு பேச்சுக் குடுத்துக்கிட்டே எடுங்க. பட்டுப்புடவை கட்டிட்டு வரேன்னு போவாங்க, விடாதீங்க.

போன ஞாயித்துக்கிழமை சித்தி பின்வாசல்ல முருங்கைக்கீரை உருவிக்கிட்டு இருந்தாங்க. எடுத்துக் காட்டுனேன். "என்னடா இவ்ளோ கறுப்பா இருக்கேன்"னாங்க. அப்புறம் ரெண்டு விரலால பெருசாக்கி ரொம்ப நேரம் பாத்துட்டு, "அக்கா மாதிரியே இருக்குல்ல"ன்னாங்க.