ஆமா, பத்து நாள் அனுப்பினேன். இப்ப என்னங்கிறீங்க?

ஒரு வளைகாப்பு வீட்ல நடந்த கூத்து இது. ஒன்பதாவது படிக்கிற பொண்ண பத்து நாள் என்சிசி (தேசிய மாணவர் படை) கேம்ப்புக்கு அனுப்பினேன். அதுக்கு பந்தில அத்தன பேர் முன்னாடி "பெத்தவளுக்கு எப்படித்தான் தூக்கம் வந்துச்சோ"ன்னு அத்த ஒரு கேள்வி. வரலங்க அத்த, மொத மூணு ராத்திரி கண்ண மூடல. ஆனாலும் அனுப்பினேன், அடுத்த வருஷமும் அனுப்புவேன்.

என்சிசி ஒண்ணும் நான் கண்டுபிடிச்சதில்ல. 1948ல ஆரம்பிச்சது, அடுத்த வருஷமே பொண்ணுங்களுக்கும் தனிப் பிரிவு வந்தாச்சு. வீட்ல தலை பின்னிவிட நான் வேணும் அவளுக்கு. அங்க விடியறதுக்கு முன்ன எழுந்து, தானே பின்னி, ஷூவுக்கு பாலிஷ் போட்டு ஃபாலின்ல, அதான் அணிவகுப்பு வரிசைல, நின்னுருக்கா, சாப்பிட்ட தட்ட தானே கழுவிருக்கா.

"காலம் கெட்டுக் கெடக்கு"ம்பீங்க. நானும் நியூஸ் பாக்குறவதான். பதினெட்டு வயசு வரைக்கும் பொத்தி வச்சிட்டு திடீர்னு சென்னைல ஒரு காலேஜ்ல கொண்டுபோய் விட்டா மட்டும் எல்லாம் தெரிஞ்சிருமா? இதே அத்த பேரன் நாமக்கல் பக்கம் ஹாஸ்டல்ல ரெண்டு வருஷமா இருக்கான், தீபாவளிக்குத்தான் கண்ல பாக்குறோம். அது படிப்பாம். இது ஊர் சுத்துறதாம். அவன் பையன்ல, மறந்துட்டேன்.

நான் 1996ல ப்ளஸ் ஒன், திருச்சி தெப்பக்குளம் பக்கம் ஹாஸ்டல். மொத லீவுக்கு தனியா கெளம்பி சத்திரம் பஸ் ஸ்டாண்ட்ல ஒன்றர மணி நேரம் புதுக்கோட்டை பஸ்ஸுக்கு நின்னேன் (திருச்சிக்காரங்க சிரிக்காதீங்க). கடைசில ஒரு பூக்கார அம்மாதான் "அது சென்ட்ரல் பஸ் ஸ்டாண்ட்ல பாப்பா, ஒண்ணாம் நம்பர் டவுன் பஸ்ல ஏறு"ன்னாங்க. அழுதுட்டேதான் ஏறுனேன், ஆனா அதுக்கப்புறம் எந்த ஊர்லயும் வழி கேக்க நான் வெக்கப்பட்டதில்ல.

ராத்திரி எட்டு மணிக்கு புதுக்கோட்டைல எறங்குறேன், அப்பா சைக்கிளோட நிக்கிறார். எப்போலேர்ந்து நின்னாரோ. ஏன் லேட்டுன்னு கேக்கல, "சாப்டியா"ன்னு மட்டும் கேட்டார். பொம்பளப் புள்ளைய ஹாஸ்டல்ல விட்டதுக்கு அவரையும் இப்படித்தான் பந்தில வச்சுப் பேசினாங்க. "எம்பொண்ணு, நான் பாத்துக்குறேன்"னு ஒரே வார்த்த, அவ்ளோதான்.

எங்க வீட்டுக்காரர் வளைகாப்பு அன்னிக்கு பக்கத்து எலைலதான் உக்காந்திருந்தார். கேம்ப் ஃபார்ம்ல கையெழுத்து போட்டதே அவர்தான். அத்த பேசுனதுக்கு எல்லாரும் சிரிச்சாங்க, இவரும் சேர்ந்து சிரிச்சிட்டு, இன்னொரு கரண்டி ரசம் கேட்டார்.