முதல் திரையிடல் ஒருமுறைதான்

இரண்டு மூன்று நாளாக எல்லாரும் அந்த ஸ்க்ரீன்ஷாட்டைத்தான் பகிர்ந்துகொண்டிருக்கிறீர்கள். அந்தத் தம்பியின் குறும்படத்தைத் தேர்வு செய்த விழா, படம் ஏற்கெனவே ஒரு யூடியூப் சேனலில் பொதுவில் இருக்கிறது என்று சொல்லித் தேர்வை ரத்து செய்த மின்னஞ்சல். படத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. கீழே வந்த கமெண்டுகளைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. "ரூல்ஸைப் படிக்காம அனுப்புனா இப்படித்தான்" என்று பாதிப் பேர். "ஃபெஸ்டிவல்னாலே ஏமாத்து வேலை, விடு தம்பி, வியூஸ் வந்தாப் போதும்" என்று மீதிப் பேர். இதில் பல பேர் பத்து வருஷமாகக் குறும்பட உலகத்தில் இருப்பவர்கள். அவர்களில் ஒருவர்கூட, படம் எடுக்கும்போதே அந்தப் பையனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை ஒன்றுதான். ஒரு படத்துக்கு முதல் திரையிடல் ஒருமுறைதான். அதை எங்கே செலவு செய்வது என்று முதலில் முடிவு பண்ணு, அப்புறம் லிங்க்கை வெளியே விடு.

யூடியூபில் 'பப்ளிக்' என்று போட்ட நிமிஷத்தில் அது செலவாகிவிடும். பிறகு 'பிரைவேட்' ஆக்கினாலும், நீக்கினாலும், படம் இணையத்தில் வெளியானது வெளியானதுதான். விண்ணப்பத்தில் "இந்தப் படம் பொதுவில் இணையத்தில் இருந்திருக்கிறதா?" என்று கேட்பார்கள். இல்லை என்று எழுதினால் பொய். ஆமாம் என்று எழுதினால் பல கதவுகள் மூடும். எல்லாக் கதவும் மூடாது. அதைத்தான் யாரும் பிரித்துச் சொல்வதில்லை. வெனிஸ் திரைப்பட விழாவின் குறும்படப் பிரிவு, உலகத்தில் வேறெங்கும் காட்டாத படத்தையே கேட்கும், நீளம் 20 நிமிஷத்துக்குள். கான் விழாவின் குறும்படப் போட்டிப் பிரிவில் 15 நிமிஷத்துக்குள், இணையத்தில் வந்திருக்கக் கூடாது. அமெரிக்காவின் சன்டான்ஸ் விழாவில் குறும்படங்களுக்கு முதல் திரையிடல் நிபந்தனையே கிடையாது, இணையத்தில் வந்த படத்தையும் எடுப்பார்கள். ஆஸ்கருக்கு டைட்டிலோடு சேர்த்து 40 நிமிஷத்துக்குள் இருக்க வேண்டும், தகுதி பெறுவதற்கு முன்னால் இணையத்தில் வெளியாகியிருந்தால் அந்த வழி போச்சு. பெங்களூரு சர்வதேசக் குறும்பட விழா ஆஸ்கர் தகுதி விழா, அதாவது அங்கே தகுதி விருது ஜெயித்த படம் ஆஸ்கருக்குப் போட்டியிடலாம். நம்ம ஊரிலிருந்து ஒரு ராத்திரி பஸ் தூரம். அங்கே ஜெயிக்கக்கூடிய படத்தைப் பொங்கலுக்கு ரிலீஸ் என்று சேனலில் ஏற்றிவிட்டு, பிறகு இந்த விதியைப் படிப்பதில் என்ன பயன்?

"ரூல்ஸைப் படிக்கணும்" என்கிறீர்களே, அந்த ரூல்ஸ் பக்கம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பத்துப் பதினைந்து பத்தி, சட்ட ஆங்கிலம். தேனியிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் வருகிற பையனுக்கு அதில் எந்த வரி உயிர் வரி என்று யார் காட்டிக்கொடுத்தது? நான் காட்டுகிறேன். நான்கே விஷயம் பார்த்தால் போதும். படம் முடிந்த தேதிக்கு என்ன வரம்பு? பெரும்பாலும் ஒன்றிரண்டு வருஷம்தான். அதிகபட்ச நீளம் என்ன? முதல் திரையிடல் நிபந்தனை உண்டா, அது உலகத்துக்கா, அந்த நாட்டுக்கா, அந்த ஊருக்கா? இணைய வெளியீட்டுக்குத் தடை உண்டா? இந்த நான்கையும் ஒரு எக்ஸெல் தாளில், ஒரு விழாவுக்கு ஒரு வரி என்று எழுதிவையுங்கள். ஒவ்வொரு வரியின் கடைசிக் கட்டங்களில் கட்டணமும் கடைசித் தேதியும். படம் எடிட்டில் இருக்கும்போதே இந்தத் தாள் தயாராக இருக்க வேண்டும், ஏனென்றால் விழா நடக்கும் தேதிக்கு மூன்று முதல் ஆறு மாதம் முன்பே நுழைவு மூடிவிடும்.

தேடுவது எங்கே என்று கேட்கிறார்கள். விழாக்களுக்குப் படம் அனுப்புவதற்கென்று 2014-இல் வந்த ஃபிலிம்ஃப்ரீவே தளத்தில் நுழைவுக் கட்டணம், எத்தனை வருஷமாக நடக்கிறது, ஆஸ்கர் தகுதி உண்டா என்று சலித்துத் தேடலாம். கட்டணத்தைப் பூஜ்யத்தில் வைத்துத் தேடிப் பாருங்கள், இலவச விழாக்கள் நிறைய வரும். ஐரோப்பிய விழாக்களுக்கு ஷார்ட்ஃபிலிம்டெப்போ, ஃபெஸ்ட்ஹோம் என்ற தளங்கள். பிரான்ஸில் கிளேர்மோன்-ஃபெரான் விழா ஜனவரி கடைசியில் தொடங்கும். அங்கே 1986 முதல் குறும்படச் சந்தையே நடக்கிறது, தொலைக்காட்சிகளுக்கு வாங்குபவர்கள் வந்து உட்காருவார்கள். ஜெர்மனியில் ஓபர்ஹவுசன் குறும்பட விழா, 1954 முதல். இந்தப் பக்கம் திருவனந்தபுரத்தில் கேரள சலச்சித்ர அகாடமி 2008-இல் தொடங்கிய ஆவண, குறும்பட விழா. மும்பையில் 1990 முதல் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மிஃப் என்கிற மும்பை சர்வதேசத் திரைப்பட விழா, ஆவண, குறும்படங்களுக்கானது. மதுரையில் 1998 முதல் மறுபக்கம் அமைப்பு நடத்தும் ஆவண, குறும்பட விழா. யாழ்ப்பாணத்தில் 2015 முதல் சர்வதேச சினிமா விழா. இந்தப் பட்டியலில் பாதியைக்கூடக் கேள்விப்படாத இயக்குநர்கள், மாதாமாதம் நடக்கும் பெயர் தெரியாத 'இன்டர்நேஷனல்' விழாக்களுக்குப் பணம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அங்கேதான் எனக்குக் கோபம் அதிகம். போஸ்டரில் முப்பது லாரல், விழாக்கள் தரும் அந்த இலை வளைய முத்திரை. விசாரித்தால் பாதி விழாக்களுக்குத் திரையே கிடையாது. மாதம் ஒரு 'சீசன்', நாற்பது ஐம்பது பிரிவு, சிறந்த போஸ்டருக்கும் விருது, சிறந்த ட்ரெய்லருக்கும் விருது. ஜெயித்ததற்கு மெயில் வரும், கோப்பை வேண்டுமானால் தனியாகப் பணம் கட்டச் சொல்லி. கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை. போன வருஷம் எந்தெந்தப் படங்களை எந்தத் தியேட்டரில் எத்தனை மணிக்குப் போட்டார்கள் என்ற நிகழ்ச்சி நிரல் இருக்கிறதா பாருங்கள். படங்களைத் தேர்வு செய்தவர்களின் பெயர் இருக்கிறதா பாருங்கள். பார்வையாளர்கள் உட்கார்ந்திருக்கும் ஒரு புகைப்படமாவது இருக்கிறதா பாருங்கள். ஐந்து நட்சத்திர விமர்சனங்களை நம்பாதீர்கள், விருது வாங்கியவர்கள்தான் அதை எழுதுகிறார்கள். அவர்களாகவே மெயில் போட்டு "உங்கள் படத்தைக் கவனித்தோம், தள்ளுபடி கோட் இதோ" என்று கூப்பிட்டால் பதில்கூடப் போடாதீர்கள். ஒருவேளை அப்படி ஒரு விழா உங்கள் படத்தை அதன் சொந்தத் தளத்தில் எல்லாருக்கும் திறந்துவிட்டால், அதுவும் இணைய வெளியீடாகக் கணக்காகலாம். முதல் திரையிடல் அங்கேயே செலவு.

"இதெல்லாம் காசு இருக்கிறவனுக்குத்தான்" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். 40 டாலர் என்றால் ஏறக்குறைய 3,500 ரூபாய், ஒரு நாள் கேமரா வாடகை. ஆனால் கணக்கைச் சரியாகப் போடுங்கள். கட்டணம் ஏர்லி பேர்ட் (சீக்கிரம் அனுப்புபவர்களுக்கு), ரெகுலர், லேட் என்று ஏறிக்கொண்டே போகும், கடைசி வாரத்தில் ஏறக்குறைய இரட்டிப்பாகும். இலவச விழாக்கள் முதலில், அடுத்து ஏர்லி பேர்ட் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்ட முடியாத நிலையில், விழாவுக்குப் படங்களைத் தேர்ந்தெடுக்கும் ப்ரோக்ராமருக்கு நான்கு வரியில் படத்தைச் சொல்லிக் கட்டண விலக்கு கேளுங்கள். புலம்பல் கடிதம் வேண்டாம். படத்தின் நீளம், ஒரு வரிக் கதை, எந்த ஊர், அவர்கள் படத்தைப் பார்ப்பதற்கான ஸ்க்ரீனர் லிங்க், பாஸ்வேர்டு. சில விழாக்கள் தருவார்கள், சில தரமாட்டார்கள், கேட்பதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை. அப்புறம், கார்டு வேலை செய்யவில்லை என்று கடைசி ராத்திரியில் அலறாதீர்கள். ரிசர்வ் வங்கி 2020-இல் கொண்டுவந்த விதிப்படி புதுக் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அணைத்துத்தான் வரும். வங்கி ஆப்பில் போய் அதை முன்கூட்டியே திறந்துவையுங்கள்.

"படம் நல்லா இருந்தா தானா போகும்" என்றும் சில பேர். போகாது. திறக்காத லிங்க்கில் இருக்கும் படத்தை எவனும் பார்க்க முடியாது. யூடியூபில் 'பிரைவேட்' என்று வைத்துவிட்டு லிங்க் அனுப்புகிறார்கள். அழைக்கப்பட்ட கணக்கில் இருந்து மட்டும்தான் அது திறக்கும், தேர்வுக்குழுவில் இருப்பவருக்கு "வீடியோ கிடைக்கவில்லை" என்றுதான் வரும். விமியோ என்ற வீடியோ தளத்தில் பாஸ்வேர்டு போட்டு அனுப்புங்கள், எல்லா விழாவுக்கும் ஒரே பாஸ்வேர்டு, முடிவு வரும்வரை மாற்றாதீர்கள். சந்தா முடியும் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

லிங்க் திறந்தாலும், நம்ம படங்களின் முதல் ஒன்றரை நிமிஷம் எப்படிப் போகிறது என்று பாருங்கள். தயாரிப்பு நிறுவன லோகோ, அதற்கு ஒரு இசை. இணைத் தயாரிப்பு லோகோ, அதற்கு வேறு இசை. 'நன்றி' என்று பெரியப்பா, தெரு நண்பர்கள், லொக்கேஷன் கொடுத்த மளிகைக் கடை என்று நான்கு ஸ்லைடு. புகைபிடித்தல் எச்சரிக்கை. அப்புறம் ட்ரோன் ஷாட்டில் டைட்டில். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது படம் பார்க்கிறவர் அதற்குள் முடிவுக்கு வந்திருப்பார். நன்றியைக் கடைசியில் சொல்லுங்கள், பெரியப்பா கோபித்துக்கொள்ள மாட்டார். நீளமும் அப்படித்தான். விழாவில் ஒரு காட்சி 90 நிமிஷம், ஆறேழு படம் போடுவார்கள். 12 நிமிஷப் படத்துக்கு இடம் கிடைக்கும். 28 நிமிஷப் படம் இன்னொரு இரண்டு பேரின் இடத்தை எடுத்துக்கொள்கிறது, அதற்குத் தகுந்த மாதிரி இருக்க வேண்டும்.

தேர்வான பிறகும் படம் கெடும். டிசிபி கேட்பார்கள், அதாவது தியேட்டரில் ஓட்டுவதற்கான டிஜிட்டல் பிரதி. அதைச் செய்ய டிசிபி-ஓ-மேட்டிக் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, வீட்டிலேயே செய்யலாம். ஆனால் யூடியூபுக்குப் போட்ட ஸ்டீரியோவை அப்படியே ஏற்றினால் வசனம் இடது, வலது ஸ்பீக்கரிலிருந்து வரும், திரைக்குப் பின்னால் இருக்கும் நடு ஸ்பீக்கர் ஊமையாக இருக்கும். இடது ஓரத்தில் உட்கார்ந்தவருக்கு, திரையின் வலது ஓரத்தில் நிற்கும் அம்மா பேசுவது தனக்குப் பக்கத்தில் இருக்கும் இடது ஸ்பீக்கரிலிருந்து கேட்கும். அதனால் மிக்ஸிங் செய்யும்போதே நடு ஸ்பீக்கருக்கும் தனித் தடம் உள்ள 5.1 ஒலி கேளுங்கள், வசனத்தை நடுவில் வையுங்கள். ஆங்கில சப்டைட்டில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம், ஒரு வரியில் நாற்பது எழுத்தைத் தாண்ட வேண்டாம். சப்டைட்டிலைப் படத்தின் மேலேயே பதித்த பிரதி ஒன்றும் பதிக்காத பிரதி ஒன்றும் சப்டைட்டில் மட்டும் இருக்கும் எஸ்ஆர்டி கோப்பும் தனித்தனியாக வைத்திருங்கள். பின்னணியில் டீக்கடை ரேடியோவில் சினிமாப் பாட்டு ஓடுகிறதா? அனுமதி இல்லாமல் விழாவுக்கும் போகாது, சேனலுக்கும் போகாது. இலவச இசை என்று எடுத்தீர்களே, அதன் உரிமம் யூடியூபுக்கு மட்டுமா என்று பாருங்கள்.

நான் யூடியூபுக்கு எதிரி இல்லை. 2010 வாக்கில் யூடியூபில் வந்த குறும்படங்களும் கலைஞர் தொலைக்காட்சியின் நாளைய இயக்குநர் நிகழ்ச்சியும்தான் இன்றைக்குப் பெரிய திரையில் இருக்கும் பல பேருக்குக் கதவு திறந்தன. அதை மறுப்பது நன்றி கெட்டதனம். நான் கேட்பது வரிசையை மட்டும்தான். முதலில் விழா, ஒரு வருஷமோ ஒன்றரை வருஷமோ. அதன்பின் இணையம். இணையத்திலும் கண்ட சேனலில் வேண்டாம். 2007 முதல் நடக்கும் ஷார்ட் ஆஃப் தி வீக், நோபட்ஜெட், அறிவியல் புனைகதை என்றால் டஸ்ட், திகில் என்றால் ஆல்டர் என்று தேர்ந்தெடுத்துப் போடுகிற இடங்கள் உண்டு. விமியோவில் நீங்களே பொதுவில் ஏற்றி ஸ்டாஃப் பிக், அதாவது அந்தத் தளத்தின் குழுவே தேர்ந்தெடுக்கும் அடையாளம், கிடைக்கிறதா பார்க்கலாம். முதல் திரையிடலை விழாவில் செலவு செய்தாலும், இணையத்தின் முதல் நாள் உங்கள் கையில் பத்திரமாக இருக்கும்.

உள்ளூர்ச் சேனலுக்கே கொடுப்பதானால், எழுத்தில் வாங்குங்கள். அந்தத் தம்பிக்கு நடந்தது இதுதான், வாய் வார்த்தையில் பைலைக் கொடுத்தார், பேசிய தேதிக்கு முன்னாலேயே அவர்கள் ஏற்றிவிட்டார்கள். எழுத்தில் இருக்க வேண்டியவை இவை: எந்தத் தேதியில் ஏற்றுவார்கள், எத்தனை வருஷம், அவர்களுக்கு மட்டுமா, வருமானத்தில் எவ்வளவு, நீங்கள் கேட்டால் எத்தனை நாளில் இறக்குவார்கள். கடைசியாக ஒன்று, கதை உரிமை. 'ரீமேக், வெப் சீரிஸ், இதர வடிவங்கள்' என்று எங்கேயாவது ஒரு வரி இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். நாளைக்கு அந்தக் கதையை நீங்களே பெரிய படமாக எடுக்க அவர்களிடம் போய் நிற்க வேண்டியிருக்கும். படத்தைப் போட உங்களிடமே காசு கேட்கிற சேனலுக்கு, தயவுசெய்து, கொடுக்காதீர்கள்.

பத்து வருஷ அனுபவத்தை வைத்துக்கொண்டு ஒரு சின்னப் பையனின் கமெண்ட் பாக்ஸில் பாடம் நடத்தியவர்களுக்கு, இதையெல்லாம் படப்பிடிப்புக்கு முன்னால் சொல்லியிருக்கலாம். பூஜை போட்டோவுக்கு லைக் போட்டீர்கள், ட்ரெய்லரைப் பகிர்ந்தீர்கள். அப்போது ஒரு போன் போட்டிருந்தால் போதும்.

தம்பி, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று நினைக்கிறேன். இன்றைக்கே சேனலுக்கு மெயில் போடுங்கள், வாட்ஸ்அப் வேண்டாம். படத்தை இறக்கச் சொல்லி, எந்தத் தேதி வரை பொதுவில் இருந்தது, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எழுத்தில் பதில் கேளுங்கள். இறக்குவதற்கு முன்னால் அந்தப் பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவையுங்கள். முடிவு வராமல் இருக்கும் மற்ற விழாக்களுக்கு அந்தத் தேதிகளோடு உண்மையை எழுதுங்கள், எண்ணிக்கை சிறியதாக இருந்தால் சிலர் விட்டுக்கொடுப்பார்கள். இணையத் தடை இல்லாத விழாக்களின் பட்டியலை நான் உங்களுக்கு இன்பாக்ஸில் அனுப்புகிறேன், எக்ஸெல் தாளாகவே. அதில் முதல் மூன்று வரியில் இருக்கும் விழாக்களுக்கு இந்த மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும்.