இரண்டு நிமிடம் கேட்டேன்

ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தையில், கொடுங்கோன்மை பற்றிய இலக்கியக் கூட்டத்தில் என்ன நடந்தது என்று இனி யாரும் உட்பெட்டியில் கேட்க வேண்டாம். காணொளிதான் ஊரெல்லாம் சுற்றுகிறதே. அதில் மூன்றாவது வரிசையில் கையைத் தூக்கியபடி, ஒரு கை வலித்ததும் மற்றக் கையைத் தூக்கியபடி இருப்பவள் நான்தான்.

பேச்சாளர் ஷேக்ஸ்பியரின் மக்பெத் நாடகத்தைப் பற்றி நன்றாகத்தான் பேசினார். கழுவக் கழுவப் போகாத கறை, தூக்கத்தைக் கொன்றுவிட்டு விழித்திருக்கும் அரசன், எல்லாம் சரி. முடிக்கும்போது ஒன்று சொன்னார் பாருங்கள்: எங்கள் புலவர்கள் அரசனின் வாசலில் பரிசிலுக்கு நின்றவர்களாம், கொடுங்கோலனை எழுத ஷேக்ஸ்பியர் வரவேண்டியிருந்ததாம். மண்டபம் கைதட்டியது. அவர் சொன்னதைவிட அந்தக் கைதட்டல்தான் எனக்குச் சுட்டது. தட்டியவர்களில் தமிழ் படிப்பிக்கும் ஆசிரியர்களும் இருந்தார்கள்.

நான் ஷேக்ஸ்பியருக்கு எதிரி அல்ல. இருபத்தாறு ஆண்டுகள் இந்தக் கொழும்பில் ஆங்கில இலக்கியம் படிப்பித்தவள். மக்பெத் கொல்லும் அரசன் டங்கனை எத்தனை தடவை வகுப்பறையில் கொன்றிருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை. அந்த நாடகத்தை அறிந்ததால்தான் இவ்வளவு கோபம்.

வாசலில் நின்றார்கள் என்கிறீர்கள். சரி, நின்றார்கள். நின்று என்ன சொன்னார்கள்?

சோழன் கிள்ளிவளவன் தன் பகைவனான மலையமானின் சின்னஞ்சிறு பிள்ளைகளை யானையின் காலில் இட்டுக் கொல்ல ஆயத்தமாகிறான். புலவர் கோவூர்கிழார் நடுவில் போய் நிற்கிறார். புறநானூற்றின் 46ஆம் பாட்டு. நீ ஒரு புறாவுக்காகத் தன் உடலைத் தந்தவன் வழிவந்தவன், இவர்களோ யானையைக் கண்டதும் அழுததையே மறந்து, மன்றில் கூடியிருக்கிற கூட்டத்தை மருண்டு பார்த்து நிற்கிற பிள்ளைகள் என்கிறார். அழுகையை மறந்து யானையை வேடிக்கை பார்க்கிற குழந்தை! அந்த இடத்தை வாசித்துவிட்டு எத்தனையோ இரவு புத்தகத்தை மூடி வைத்திருக்கிறேன். முடிவில் கெஞ்சினாரா? இல்லை. “கேட்டனை ஆயின் நீ வேட்டது செய்ம்மே.” கேட்டுவிட்டாய், இனி உன் விருப்பம்.

மக்பெத்திலும் பிள்ளைகளைக் கொல்கிறார்கள். மக்பெத்தின் எதிரியான மக்டஃபின் வீட்டுக்குக் கொலைகாரர்கள் வருவதற்குச் சற்று முன், பெயரே இல்லாத ஒருவன் ஓடிவந்து, தப்பிவிடுங்கள் அம்மா, இதற்கு மேல் நிற்க எனக்குத் துணிவில்லை என்று சொல்லிவிட்டு ஓடிவிடுகிறான். அவனை நான் பழிக்கவில்லை. நானாக இருந்தாலும் ஓடியிருப்பேன். ஆனால் ஓடாமல் யானைக்கு முன்னால் நின்ற ஒருவர் எங்கள் ஏட்டில் இருக்கிறார். அவரைப் பரிசிலுக்கு நின்றவர் என்று ஒரு வரியில் தள்ளிவிட்டுப் போவதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்.

இங்கே ஒரு தம்பி நேற்றே பின்னூட்டத்தில் வந்துவிட்டார்: “டீச்சர், புறநானூறு முழுக்கப் போர்ப் புகழ்ச்சிதானே?” உண்மை, தம்பி. பகைவரின் ஊரைக் கழுதை பூட்டி உழுது பாழாக்கினாய் என்று பாண்டியன் முதுகுடுமியைப் பார்த்து நெட்டிமையார் பாடுகிற பாட்டும் அதே நூலில்தான் இருக்கிறது, 15ஆம் பாட்டு. வாசிக்கக் கூசும். மறைக்கவில்லை. ஆனால் புகழ்ச்சி என்று கணக்கெடுக்கத் தொடங்கினால் ஷேக்ஸ்பியரின் கணக்கையும் எடுங்கள். 1603இல் ஜேம்ஸ் மன்னன் இங்கிலாந்தின் அரியணை ஏறியதும் ஷேக்ஸ்பியரின் நாடகக் குழு மன்னனின் குழுவாகிறது. மக்பெத் 1606ஐ ஒட்டி எழுந்தது. அவர் எடுத்தாண்ட பழைய வரலாற்று நூலில் மக்பெத்தின் தோழன் பாங்கோவும் டங்கன் கொலைக்கு உடந்தை. நாடகத்திலோ பாங்கோ உத்தமன். ஏன்? ஜேம்ஸ் மன்னன் தன்னைப் பாங்கோவின் வழித்தோன்றல் என்று சொல்லிக்கொண்டவன். உண்மையான மக்பெத் 1040இல் டங்கனைப் போரில் வென்று பதினேழு ஆண்டுகள் ஆண்ட மன்னன். உறங்கிய கிழவரைக் குத்தியவன் அல்ல. அரசனுக்காகப் பாட்டனாரையே திருத்தி எழுதியவரை மேதை என்கிறோம். நானும் என்கிறேன். எங்கள் புலவருக்கு மட்டும் பெயர் பரிசிலுக்கு நின்றவர்.

கண்ணகியைக்கூட நான் இழுக்கவில்லை. “யானோ அரசன் யானே கள்வன்” என்பது பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும், பேச்சாளருக்கும் தெரிந்திருக்கும் என்று ஒரு மரியாதைக்காக விட்டுவிட்டேன். குறுந்தொகைக்குப் போவோம். ஆற்றில் மிதந்து வந்த மாங்காயைத் தின்றுவிட்டாள் ஒரு பெண். காவல் மரத்துக் காய். எண்பத்தொரு யானையும் அவள் எடைக்கு எடை பொன்பாவையும் தருகிறோம் என்றும் கேளாமல் அரசன் நன்னன் அவளைக் கொன்றுவிட்டான். பரணர் இதை எங்கே வைத்துச் சொல்கிறார் தெரியுமா? ஒரு காதல் பாட்டில். மகளை வீட்டுக்குள் அடைத்துக் காவல் காக்கிற தாய்க்குச் சாபம் கொடுக்கும்போது, பெண்கொலை புரிந்த நன்னனைப் போல நீயும் நரகத்துக்குப் போ என்கிறது 292ஆம் பாட்டு. ஓர் அரசன் நரகத்தில் இருக்கிறான் என்பது உவமையாகும் அளவுக்கு ஊரறிந்த செய்தி! அதைச் சொல்ல யாரும் கப்பலில் வரவில்லை.

என் அப்பா கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவர். எந்தக் கந்தோர் என்று கேட்காதீர்கள். அங்கே ஒரு மேலதிகாரி. பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். ஐந்து நிமிடம் பிந்தி வந்தால் நாள் முழுக்க நிற்க வைப்பார். அவருக்குப் பதவி உயர்வு கிடைத்தபோது, தமிழ் தெரிந்தவர் என்று வாழ்த்து மடல் எழுதும் வேலையை அப்பாவிடம் கொடுத்தார்கள். அப்பா பிசிராந்தையாரை எடுத்துப் போட்டார். புறம் 184. வயலுக்குள் யானை தானே புகுந்து மேய்ந்தால், வாய்க்குள் போவதைவிடக் காலில் மிதிபட்டு அழிவதுதான் அதிகம், குடிகளைக் கசக்கி வரி எடுக்கும் அரசனும் அப்படித்தான் என்று பாண்டியன் அறிவுடைநம்பிக்கே சொன்ன பாட்டு. மேலதிகாரிக்கு யானை என்ற சொல் மட்டும் பிடித்துவிட்டது. சட்டம் போட்டு வீட்டு வரவேற்பறையில் மாட்டினார். அம்மா இரண்டு கிழமை ஒழுங்காகத் தூங்கவில்லை. “பொருள் தெரிந்துவிட்டால்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். “பொருள் தெரிகிற ஆளாக இருந்தால் எனக்கு இதை எழுதவேண்டி வந்திருக்காதே” என்பார் அப்பா. எட்டு மாதத்தில் அப்பாவுக்கு இடமாற்றம் வந்தது. யாராவது பொருள் சொல்லிக் கொடுத்தார்களா, தற்செயலா என்று கடைசிவரை அவருக்குத் தெரியாது. சிரித்துக்கொண்டுதான் பெட்டி கட்டினார். அம்மா சிரிக்கவில்லை.

என்னைப் பழம்பெருமைக்காரி என்று எழுதியிருக்கிறார் இன்னொருவர். எழுதட்டும். 2022இல், நாட்டின் பொருளாதார நெருக்கடியில், எரிவாயு சிலிண்டரை உருட்டிக்கொண்டு விடியற்காலை வரிசையில் நின்றபோது என் வாயில் வந்தது மக்பெத்தின் வசனம் அல்ல. “அல்லற்பட்டு ஆற்றாது அழுதகண் ணீரன்றே செல்வத்தைத் தேய்க்கும் படை.” எனக்கு முன்னால் நின்ற அம்மா சிங்களவர், என்ன முணுமுணுக்கிறீர்கள் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் பொருள் சொன்னேன். தலையை ஆட்டினார், பிறகு தன் பாட்டுக்கு எதையோ சொல்லித் திட்டினார். ஜூலை 9ஆம் தேதி ஜனாதிபதி மாளிகைக்குள் சனங்கள் புகுந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது அந்த அம்மாவைத்தான் நினைத்தேன். இது பழம்பெருமை என்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஒரு நியாயத்தை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். கொடுங்கோலனின் மனதுக்குள் இறங்கி, அவன் கண்ணால் அவன் குற்றத்தைப் பார்க்க வைத்ததில் மக்பெத்துக்கு ஈடாகச் சங்கப்பாட்டில் ஒன்றைக் காட்டு என்றால் நான் தடுமாறுவேன். அங்கே நாங்கள் எப்போதும் வெளியில், அரசனுக்கு எதிரில் நிற்கிறோம். இதையும் அன்றைக்குச் சொல்லத்தான் கை தூக்கினேன். சண்டை பிடிக்க அல்ல.

கூட்டத் தலைவர் என்னைப் பார்த்தார். பார்க்கவில்லை என்று இப்போது சொல்கிறாராம். காணொளியில் அவர் கண் எங்கே நிற்கிறது என்று நீங்களே பாருங்கள். “நேரம் போதாது, கேள்விகள் வேண்டாம்” என்றார். அதற்குப் பிறகு ஏழு பேருக்குப் பொன்னாடை. நன்றியுரை இருபது நிமிடம், அதில் ரோல்ஸ் தந்த கடைக்காரர் வரைக்கும் நன்றி. கொடுங்கோன்மை பற்றிய கூட்டத்தில் ஒருவருக்கும் வாய் திறக்க இடமில்லை. நான் மேடை கேட்கவில்லை, பொன்னாடையும் கேட்கவில்லை. ஒலிவாங்கியை இரண்டு நிமிடம் கேட்டேன்.

பிசிராந்தையாரின் பாட்டு பதினொரே அடி. வீட்டுக்கு வந்து கடிகாரத்தை வைத்துக்கொண்டு சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். நாற்பத்தெட்டு விநாடி.