லால்பாக் கண்ணாடி மாளிகையைக் கட்டியவர் திப்பு சுல்தான் அல்லர்

பெங்களூரு லால்பாக்கில் மலர்க் காட்சி தொடங்கினால், அங்குள்ள கண்ணாடி மாளிகையின் படத்தோடு ஒரு செய்தியும் வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்குகிறது: "திப்பு சுல்தான் தன் அரண்மனைப் பெண்களுக்காகக் கட்டிய மாளிகை இது." இது தவறு.

தோட்டத்துக்கும் திப்புவுக்கும் உறவு உண்டு. 1760-இல் ஹைதர் அலி தொடங்கிய தோட்டத்தை வளர்த்தெடுத்தவர் அவர் மகன் திப்பு. ஆனால் அவர் 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டினப் போரில் இறந்துவிட்டார். கண்ணாடி மாளிகைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது 1889 நவம்பர் 30 அன்று. நாட்டியவர் விக்டோரியா மகாராணியின் பேரன் ஆல்பர்ட் விக்டர். இடையில் 90 ஆண்டுகள் இருக்கின்றன.

கட்டடமே சாட்சி சொல்கிறது. மேலே நிமிர்ந்து பாருங்கள்: வார்ப்பிரும்புத் தூண்கள், இரும்புச் சட்டங்கள், அவற்றுக்கிடையே கண்ணாடி. 1851-இல் லண்டன் ஹைட் பார்க்கில் எழுந்த கிரிஸ்டல் பேலஸ் என்ற கண்ணாடி மாளிகை உலகெங்கும் பரப்பிய பாணி இது. திப்பு காலத்துக் கட்டடக்கலையைப் பார்க்க வேண்டுமானால், அதே ஊரில் மரத்தூண்களோடு நிற்கும் அவரது கோடைக்கால அரண்மனைக்குப் போகலாம்.

அப்போது தோட்டத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர் ஜான் கேமரன். செடிகளைப் பேணவும் மலர்க் காட்சி நடத்தவுமே மாளிகை எழுப்பப்பட்டது. அந்தப்புரமாக அது ஒருநாளும் இருந்ததில்லை. பிற்காலத்தில் விரிவாக்கமும் சீரமைப்பும் கண்டு, இன்றும் குடியரசு தினம், சுதந்திர தினம் ஆகியவற்றையொட்டி மலர்க் காட்சிகள் அங்கேதான் நடக்கின்றன.

அந்த லண்டன் மாளிகை பின்னர் சிடன்ஹாமுக்கு இடம் மாறி, 1936-இல் தீக்கிரையானது. எரிந்த நாளும் நவம்பர் 30-தான். பெங்களூரில் இருப்பது இன்னும் நிற்கிறது. அதைக் கட்டியவர்களின் உழைப்பை வேறொருவர் கணக்கில் எழுதுவது எனக்கு உறுத்துகிறது.